சிறுபடையின் பெருமை

நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் 'வார்ஹாமர் 40,000' என்னும் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில், ஆயிரம் வீரர் பத்துக் கம்பெனிகளாய் நின்று உலகங்களைக் காக்கின்றனர். இத்துணைச் சிறுபடை போதுமோ என்று நாம் வியக்கின்றோம்.

விடை நம் அல்சூர் ஏரியருகே உளது. எம்.இ.ஜி. என்று நாம் வழங்கும் மதராஸ் சாப்பர்ஸ், 1780-இல் இரண்டே கம்பெனிகளாய்த் தோன்றியது. பெருஞ்சேனைக்கு முன்சென்று வழி திறப்பதும், பாலம் அமைப்பதும், கண்ணிவெடி அகற்றுவதும் அதன் பணி. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடிமீது வீழ்ந்து தோழர்களைக் காத்து உயிர்நீத்தார் சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு அளிக்கப்பெற்றது.

படையின் வலிமை தலைக்கணக்கில் இல்லை. இந்நகரில் சிறு தொகையினராய் வாழும் நாம், பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றையும் சொல்லி வளர்ப்போமாக!