விக்கெட் கணக்கும் வீச்சின் கணக்கும்

கைப்பேசியில் பதினொருவர் கொண்ட கற்பனை அணியொன்றைப் பொறுக்கியெடுத்து, மெய்யான ஆட்டத்தில் அவர்கள் புரியும் காரியங்களுக்கேற்பப் புள்ளி சேர்க்கும் வழக்கம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தால் விலக்கிய பின்னரும், அலங்காநல்லூர் வட்டாரத்து இளைஞரிடையே வெறும் பெருமைக்கான போட்டியாக நீடித்து வருகிறது. பந்துவீச்சாளரைத் தேர்ந்தெடுக்கச் சென்ற பருவத்து விக்கெட் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும், ஏனைய புள்ளிவிவரமெல்லாம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்ற அபிப்பிராயம் அவர்களிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அது பிழை என்பதே என் கட்சி.

“விக்கெட் பொய் சொல்லாது” என்பது அவர்களுடைய முதல் வாதம். பொய் சொல்லாதுதான்; ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடை சொல்வதுமில்லை. ஹர்ஷல் படேல் 2021 ஐபிஎல்லில் 32 விக்கெட் எடுத்து, பருவத்தில் அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பி அணிந்தார். அடுத்த ஆண்டு 19, அதற்கடுத்த ஆண்டு 14, 2024இல் மீண்டும் 24 எடுத்து மறுபடியும் தொப்பி. அவருடைய மெதுவான பந்தும் அதே, வீசிய கையும் அதே. மறுபுறம் ஜஸ்பிரித் பும்ரா 2020இல் 27 விக்கெட்டும் 2022இல் 15 விக்கெட்டுமே எடுத்தாராயினும், ஓவருக்கு அவர் கொடுத்த ஓட்டம் 6.73இலிருந்து 7.18 ஆயிற்றேயன்றி வேறில்லை. விக்கெட் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்த ஆண்டிலும் வீச்சின் தரம் பெரும்பாலும் நிலைத்தே நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டுமா? 2024இல் ஹர்ஷல் ஓவருக்கு 9.73 ஓட்டம் கொடுத்து 24 விக்கெட் எடுத்தபோது, பும்ரா 6.48 மட்டுமே கொடுத்து 20 எடுத்தார்; நான்கு ஓவருக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் 13 ஓட்டம், அதாவது பல ஆட்டங்களின் ஜயாபஜயத்தையே நிர்ணயிக்கும் அளவு.

“புள்ளி விக்கெட்டுக்குத்தானே கிடைக்கிறது?” என்பது இரண்டாவது ஆட்சேபம்; இது சற்றுக் கனமானது. ஆயினும் நமக்குப் புள்ளி தருவது இனி விழப்போகும் விக்கெட்டேயன்றி விழுந்து முடிந்த விக்கெட் அன்று. நம் ஜல்லிக்கட்டு வாடிவாசலில் மாடுபிடி வீரர்கள் சுற்றுச் சுற்றாக இறக்கப்படுகிறார்கள். தம் சுற்றில் எந்தக் காளைகள் அவிழும் என்பது அவர்கள் வசத்தில் இல்லை. காரைப் பரிசாகத் தருவது எண்ணிக்கைதான் எனினும், வரும் தையில் யார் நிலைப்பார் என்று கணிக்கும் அனுபவஸ்தர்கள், நின்று விளையாடும் காளையின் திமிலைத் தனியொருவராய் அணைந்தவரையும், மிரண்டோடும் இளங்காளைகளே வந்த சுற்றில் தொகையைப் பெருக்கியவரையும் சமமாக மதிப்பதில்லை. பந்துவீச்சிலும் அப்படியே. கடைசி நான்கு ஓவரில் மட்டையாளர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவதால், அங்கே விக்கெட்டும் மலிவு, ஓட்டமும் மலிவு. ஆகவே ஒருவர் எத்தனை எடுத்தார் என்பதைக் காட்டிலும், தலைவர் எந்த ஓவரில் அவர் கையில் பந்தைக் கொடுக்கிறார் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். அந்த வேலை தொடரும்வரை விக்கெட்டும் வரக்கூடும், வேலை கைமாறினால் பழைய தொகையால் பிரயோஜனமில்லை.

அமெரிக்கர் தம் பேஸ்பாலில் இவ்விசாரணையை நெடுந்தூரம் நடத்தியிருக்கிறார்கள். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து பிடிபடுவதும் நழுவுவதும் பெரும்பாலும் பந்தெறிபவரின் சக்திக்குப் புறம்பானவை என்றும், களத்தரின் கை படாத ஸ்டிரைக்அவுட், வாக், ஹோம்ரன் என்ற மூன்றுமே அவருடைய சொந்தக் கணக்கு என்றும் 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் வாதிட்டபோது பலர் நகைத்தனர். ஆயினும் 2018இல் பந்தெறிபவர் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றியும் 9 தோல்வியுமே பெற்றும், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.70 ஓட்டமே கொடுத்தார் என்பதனால் நேஷனல் லீக்கின் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது அவருக்கே அளிக்கப்பட்டது.

இதை அப்படியே கிரிக்கெட்டுக்குப் பெயர்த்துவிடலாமென்று நான் சொல்லவில்லை. சுழல்பந்தின் வஞ்சனையில் ஏமாந்து எல்லைக்கோட்டருகே தூக்கியடித்த பந்தைக் களத்தர் பிடித்தால், அதில் வீசியவரின் சாமர்த்தியம் பெரும்பங்கு. எனினும் ஸ்டம்பு தெறித்ததும், எல்பிடபிள்யூவும், ஓட்டமற்ற பந்துகளும் களத்தரின் கையை நம்பியிராதவை. ஒருவரை அறிய அவற்றையே முதலில் எண்ணுவேன்.

“இந்த உட்கணக்கும் சில சமயம் தவறுகிறதே” என்பார்கள். தவறும். ஒரு வீச்சாளருக்கு ஆட்டத்தில் அதிகபட்சம் 24 பந்து. லீக் சுற்றின் 14 ஆட்டத்திலும் முழுமையாக வீசினாலும் 336 பந்தே. அவ்வளவு சொற்பமான பந்துகளில் ஓட்ட விகிதமும் அதிருஷ்டத்தால் அசையும், விக்கெட்டோ அதனினும் அதிகமாக அசையும். ஆகையால் நான் ஒரே பருவத்தைப் பார்ப்பதில்லை. மூன்று பருவத்து ஓட்ட விகிதத்தையும், அவர் வீசிய ஓவர்களின் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே, இரட்டைப் புள்ளி தரும் கேப்டன் பதவியை யாருக்கு அளிப்பது என்று யோசிக்கிறேன். ஊதாத் தொப்பி அணிந்தவருக்கே அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பவர்கள், 2022 பருவத்தை 2021 ஹர்ஷலைக் கொண்டு தொடங்கியிருந்தால் சேர்ந்திருக்கக்கூடிய விக்கெட், மேலே சொன்ன 19தான்.