ஐ.பி. எண்ணும் எரவாடா சிறையும்

ஆர்க்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் பதிவு வெளியானதாக 2007ஆம் ஆண்டில் புகார் எழுந்தது. அதனை விசாரித்த புனே காவல்துறைக்கு, பதிவு வெளியான இணைப்பின் ஐ.பி. எண்ணுக்கு உரிய வாடிக்கையாளர் விவரத்தை ஏர்டெல் நிறுவனம் அளித்தது. அதை நம்பி, பெங்களூரில் பணியாற்றிய மென்பொருள் பொறியாளர் ஒருவர் கைது செய்யப்பட்டு எரவாடா சிறையில் அடைக்கப்பட்டார். அளிக்கப்பட்ட விவரமோ தவறானது. குற்றமற்ற அந்த இளைஞர் 50 நாட்களைச் சிறையில் கழிக்க நேர்ந்தது.

ஐ.பி. எண் பெரும்பாலும் நிலையானதன்று. இன்று ஒருவரது இணைப்புக்குரிய எண் நாளை மற்றொருவருக்கு வழங்கப்படலாம். நேரத்தைக் குறிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் காவலர்கள் வேறொரு வீட்டின் கதவைத் தட்டுவர். இணையதளங்கள் நமது கணினியிலும் கைப்பேசியிலும் பதித்துவைக்கும் 'குக்கீ' எனும் சிறு கோப்பும் இத்தகையதே. எந்த உலாவி எந்தப் பக்கத்தைப் பார்த்தது என்பதை அறிய அது உதவும். திரையின் முன் அமர்ந்திருந்தவர் தந்தையா, மகளா என்பதை அது அறியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவு துல்லியமானதாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 8ஆவது பிரிவு. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், குற்றப் புலனாய்வுக்காகத் தரவு கையாளப்படும்போது இக்கடமை பொருந்தாது என 17ஆவது பிரிவு விலக்களிக்கிறது. புனே வழக்கில் எங்கே தவறு நேர்ந்ததோ, அங்கேயே சட்டம் வாய்மூடி நிற்கிறது.

இழப்பீட்டின் நிலையும் இதுதான். இச்சட்டத்தின்கீழ் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அத்தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்கே சேரும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட உரித்தாகாது. தரவைக் காப்பதில் அலட்சியம் காட்டிய நிறுவனத்திடம் இழப்பீடு கோர வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டம் வகை செய்துள்ளது.

குற்றவாளிகளைக் கண்டறிய இணையத் தடயம் தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. எனினும், அது விசாரணையின் தொடக்கமாக இருக்கலாமேயன்றி முடிவாக இருக்கலாகாது. வேறு சான்றின்றி, ஐ.பி. எண்ணை மட்டுமே கொண்டு எவரையும் கைது செய்தல் கூடாது. தவறான தரவை அளித்தவர் பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாக இழப்பீடு வழங்க வேண்டும். இவ்விரண்டையும் சட்டத்தில் இடம்பெறச் செய்வது நாடாளுமன்றத்தின் கடமையாகும்.