எஸ்2000-க்கு டயர் மாற்றப் போகிறீர்களா?

ஹோண்டா எஸ்2000... 1999-ல் வந்து 2009-ல் உற்பத்தி நின்றுபோன, கூரை மடக்கும் இரண்டு சீட் கார். இன்று இதைப் பழசாக வாங்குபவர்கள் 9000 ஆர்பிஎம் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். டயர் என்று வந்தால் மட்டும் கை சுருங்கிவிடும்!

இந்தக் காரில் அது ஆபத்து. எஞ்சின் சக்தி போவது பின்சக்கரங்களுக்கு. ஈரச் சாலை வளைவில் கொஞ்சம் அவசரப்பட்டால் பின்பக்கம் வழுக்கி, கார் சுற்றிவிடும். ஆரம்ப மாடல்களில் அதைத் தடுக்கும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடும் கிடையாது. அந்த ஆரம்ப மாடல்களின் டயர் அளவும் முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16. ஆக, தேயும்போது முன்பின் மாற்றிப் போட முடியாது. பின்டயர்தான் முதலில் தேயும். பலர் செய்வது என்ன? முன்னால் உள்ள நல்ல டயரை விட்டுவிட்டு, பின்னால் மட்டும் மலிவாக ஒரு ஜோடி. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. இதைவிட மோசமான கூட்டணி இல்லை. நான்கும் ஒரே மாடலாக, கம்பெனி சொன்ன அளவிலேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

"கார் ஷெட்டிலேயே நிற்கிறது, டயர் தேயவே இல்லை" என்பார்கள். ரப்பர் இறுகிப்போயிருக்குமே! பக்கவாட்டில் 2316 என்றிருந்தால் 2016-ன் 23-வது வாரத் தயாரிப்பு. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பிடிப்பு போயிருக்கும்.

ரேஸ் டிராக் டயர் ஆசையும் வேண்டாம். பள்ளம் குறைவு, தேங்கிய மழைநீரில் மிதக்கும். சாலைக்கான நல்ல கோடை டயர் போதும். ஆனால் சுமார் 7 டிகிரிக்குக் கீழே அதுவும் விறைத்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் குளிர்கால டயர் தனியாக ஒரு செட் வைத்துக்கொள்ளலாம், அல்லது அந்த மாதங்களில் கார் ஷெட்டிலேயே தூங்கட்டும்.