சாலை மரணம்: சம்மன் மட்டும் போதுமா?

2022இல் மலேசியச் சாலைகளில் 6,080 பேர் உயிரிழந்தனர்; நாளொன்றுக்கு 16 பேருக்கு மேல். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 2030க்குள் இதைப் பாதியாகக் குறைப்பது அரசின் இலக்கு.

பெருநாள் காலச் சோதனையும் சம்மனும் தேவைதான். ஆனால், மனிதன் தவறு செய்வான். அத்தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்பதே 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்ற ‘பூஜ்ய மரணம்’ கொள்கை.

இது நமக்குப் புதிதல்ல. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்குத் தனிப்பாதை வந்தது. அதனால் விபத்துகள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின.

அதே அக்கறை நடப்பவர்களுக்கும் வேண்டும். பார்வையற்றோர் சங்கம் இயங்கும் பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக்கோலுடன் சாலையைக் கடப்பவர்கள் பலர். அங்கு வாகன வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டாவிட்டால், ஓட்டுநர் தவறினாலும் நடப்பவர் பிழைக்க வாய்ப்புண்டு. மாநகர் மன்றம் அங்கிருந்தே தொடங்கலாம்.