பழி மூக்கு மேலயா?



ஒருத்தருக்கு மூக்கு ரொம்பப் பெருசு. அதை வைத்து ஒரு நாடகம், அந்த நாடகத்தை வைத்து ரெண்டேகால் மணி நேரப் படம் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. பார்த்து முடித்ததும் ரெண்டு நாள் அதே ஞாபகம்தான்.

படத்தின் பெயர் 'சிரானோ தெ பெர்ஜெராக்'. பிரெஞ்சுப் படம். 1990-ல் வெளிவந்தது. இயக்கியவர் ழான்-பால் ரப்பனோ, கதாநாயகன் ஜெரார் தெபார்தியூ. மூலம் எட்மோன் ரோஸ்தான் எழுதிய மேடை நாடகம். அது 1897 டிசம்பர் 28 அன்று பாரிஸில் முதன்முதலாக மேடையேறியது. சிரானோ என்ற பெயரில் நிஜமாகவே ஒரு எழுத்தாளர் இருந்தார் (1619-1655). நிலாவுக்குப் போகிற கதையை அந்தக் காலத்திலேயே எழுதியவர்! ஆனால் படத்தில் வருகிற கடிதக் கதை ரோஸ்தானின் கற்பனை.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "முகத்தைப் பார்க்காதே, மனசைப் பார். சிரானோ பெரிய தியாகி." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கதை. 1640, பாரிஸ். சிரானோ ஒரு படைவீரன், கவிஞன். வாள் எடுத்தால் எதிரில் யாரும் நிற்க முடியாது. மூக்கைக் கிண்டல் பண்ணினவனோடு சண்டை போட்டுக்கொண்டே கவிதை கட்டுவான், கடைசி அடியில் குத்துவான்! அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரே ஒரு பயம். உறவுக்காரப் பெண் ரொக்ஸானை உயிராக விரும்புகிறான், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. இந்த மூக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அவளோ கிறிஸ்தியான் என்கிற அழகான வீரனை விரும்புகிறாள். அவனோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, பார்த்ததோடு சரி! கிறிஸ்தியானுக்கோ பெண்கள் முன்னால் பேச்சே வராது. உடனே சிரானோ ஒரு ஏற்பாடு செய்கிறான். அழகு உன்னுது, வார்த்தை என்னுது. அவன் எழுதுவான், இவன் கையெழுத்துப் போடுவான். ராத்திரி இருட்டில் மாடத்துக்குக் கீழே நின்று சிரானோ பேசுகிறான், மேலே ஏறி முத்தம் வாங்குவது கிறிஸ்தியான். அந்தக் காட்சியில் சிரானோ முகத்தைப் பார்த்தால் நமக்கே தொண்டை அடைக்கும்.

எல்லாம் சரி. ஆனால் ரொக்ஸானிடம் யாராவது கேட்டார்களா?

என் கேள்வி இதுதான். ரெண்டு ஆண்கள் சேர்ந்து இல்லாத ஒரு மனிதனை உண்டாக்கி, அவனைக் காதலிக்க வைக்கிறார்கள். அவள் கல்யாணமும் செய்துகொள்கிறாள். யாரைக் கட்டிக்கிட்டோம் என்றே அவளுக்குத் தெரியாது. இதில் தியாகம் எங்கே இருக்கிறது? அவளைப் பொறுத்தவரை இது ஏமாற்று வேலைதானே?

இன்னொன்று கவனியுங்கள். மூக்கைக் கேலி செய்தவன் மேல் சிரானோ வாளை உருவுகிறான். ஆனால் ஒரு நாளும் கேலி செய்யாத ரொக்ஸானைப் பார்த்துத்தான் பயப்படுகிறான். கேலி செய்தவர்கள் சொன்னதை நம்பிவிட்டான், அவளை நம்பவில்லை. சொல்லப்போனால் படத்தில் அந்த மூக்கு அவ்வளவு பூதாகரமாகக்கூட இல்லை. அரை மணி நேரத்தில் நமக்குப் பழகிவிடுகிறது. அவனுக்குத்தான் கடைசி வரை பழகவில்லை.

படத்தில் உண்மையாக நடந்துகொள்வது யார் தெரியுமா? எல்லாரும் "அழகு மட்டும்தான், அறிவு இல்லை" என்று ஒதுக்குகிற கிறிஸ்தியான்! அராஸ் நகர முற்றுகையில் வீரர்கள் பட்டினி கிடக்கிறார்கள். எதிரிப் படையைத் தாண்டிப் போய் தினமும் ரெண்டு தடவை சிரானோ கடிதம் அனுப்பியிருக்கிறான், அதுவும் கிறிஸ்தியான் பெயரில். அதைப் படித்து உருகி ரொக்ஸான் போர்க்களத்துக்கே வந்துவிடுகிறாள். "நீ அழகில்லாமல் இருந்தாலும் உன்னைத்தான் நேசிப்பேன்" என்ற அர்த்தத்தில் கிறிஸ்தியானிடம் சொல்கிறாள். அந்த நிமிஷமே அவனுக்குப் புரிந்துவிடுகிறது, அவள் நேசிப்பது தன்னை இல்லை என்று. உடனே சிரானோவிடம் வந்து, அவளிடம் உண்மையைச் சொல், அவளே முடிவு பண்ணட்டும் என்கிறான். தோற்றுப்போவோம் என்று தெரிந்தும் சொல்கிறான் பாருங்கள், அதுதான் எனக்குத் தைரியம்.

ஆனால் சிரானோ வாய் திறக்கும் முன்பே கிறிஸ்தியான் குண்டடி பட்டு விழுகிறான். சாகிறவன் காதில் சிரானோ இன்னொரு பொய் சொல்கிறான்: சொல்லிவிட்டேன், அவள் விரும்புவது உன்னைத்தான் என்று. அந்தப் பொய்யை நான் மன்னிப்பேன். அதற்கப்புறம் வந்த மௌனத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. ரொக்ஸான் கன்னிமாடத்தில் போய்த் தங்கிவிடுகிறாள். சிரானோ வாராவாரம் சனிக்கிழமை வந்து ஊர்ச் செய்தி சொல்லிவிட்டுப் போகிறான். பதினைந்து வருஷம்!

செத்த நண்பன் பெயரைக் கெடுக்கக் கூடாது என்றுதானே பேசாமல் இருந்தான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நண்பனே கடைசியாகக் கேட்டது, உண்மையைச் சொல் என்றுதானே?

கடைசியில் 1655. தலையில் அடிபட்ட சிரானோ, வலியை மறைத்துக்கொண்டு வழக்கம்போல வருகிறான். கிறிஸ்தியானின் கடைசிக் கடிதத்தை வாங்கிச் சத்தமாகப் படிக்கிறான். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது, ஆனாலும் படிப்பது நிற்கவில்லை. இருட்டில் எப்படிப் படிக்கிறான்? அப்போதுதான் ரொக்ஸானுக்கு எல்லாம் விளங்குகிறது. அவனுக்கோ உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அவள் ஒரே மனிதனை ரெண்டு தடவை இழக்கிறாள். இந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? மூக்கா?

நான் கதாநாயகனைத்தான் குறை சொல்கிறேன், படத்தை இல்லை. படம் அருமை! வசனம் முழுக்கச் செய்யுள். அடிக்குப் பன்னிரண்டு அசை, எதுகை மாதிரி அடிக்கடைசியில் ஒலி ஒத்துவரும். ரப்பனோவும் ழான்-கிளாத் கரியேரும் நாடகத்தைச் சுருக்கியபோதும் செய்யுளை விடவில்லை. நாம் மனப்பாடப் பகுதியை ஒப்பிப்போமே, அப்படி ஒரு இடத்திலும் தெரியாது. ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, ரொட்டி சுடுகிற கடையில் நின்றுகொண்டே பேசுகிறார்கள். தெபார்தியூவுக்கு 1990-ல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. உடை அலங்காரத்துக்கு ஆஸ்கார் விருதும் உண்டு. சிரானோவைத் திட்டிக்கொண்டே நான் அழுதேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நண்பர்களே, நம் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் இல்லாதவர் யாராவது உண்டா? பல்லுக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. எனக்கும் ஒன்று உண்டு, இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்ட நாட்கள் நிறைய. வகுப்பில் பதில் தெரிந்தும் எழுந்து நிற்காமல், பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சொல்லிக்கொடுத்து அவளைச் சொல்ல வைத்திருக்கிறேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். இந்தப் படம் பார்த்த பிறகுதான் அது பயம் என்று தெரிந்தது.

பட்டப்பெயர் வைப்பவர்களே, நீங்கள் வைத்ததை ஒருத்தர் பதினைந்து வருஷம் சுமக்கலாம், ஞாபகம் இருக்கட்டும். சுமக்கிறவர்களே, உங்கள் பதிலை நீங்களே எழுந்து சொல்லுங்கள். எதிரில் இருக்கிறவர் என்ன நினைப்பார் என்பதை அவரே சொல்லட்டும், நாமே முடிவு பண்ண வேண்டாம்.

சிரானோ தியாகிதான் என்று இன்னும் சொல்கிறீர்களா? பக்கத்தில் காலித் தாள் ஒட்டியிருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள். மறக்காமல் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு