எட்டு வயதுக் கழுத்தும் அப்பாவின் அவசரமும்

கனடாவில் கல்கரியில் இருக்கும் என் பழைய மாணவன் போன வாரம் போனில் கேட்டான்: "சார், பையனுக்கு எட்டு வயசு ஆகுது. பாப்ஸ்லெட்னா உயிரா இருக்கான். இப்பவே தடத்துல இறக்கிவிட்டாத்தானே நாளைக்கு ஒலிம்பிக் போக முடியும்?"

"இறக்கிவிடாதே" என்றேன். "நீங்க அந்தக் காலத்து பி.டி. வாத்தியார் சார்" என்று சிரித்தான். அவனைப் போல நினைக்கும் பெற்றோர் நிறையப் பேர் இருப்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன். அவனும் படிப்பான்.

தெரியாதவர்களுக்கு: பாப்ஸ்லெட் என்பது உறைபனி பூசிய, வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் போகும் சறுக்கு வண்டி. முதலில் தள்ளிக்கொண்டே ஓடி, தாவி ஏற வேண்டும். பிறகு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். வளைவுகளில் உடம்பின் எடை நான்கைந்து மடங்காக அழுத்தும்.

தம்பி, 1988 குளிர்கால ஒலிம்பிக்குக்கு, பனியே விழாத ஜமைக்காவிலிருந்து ஓர் அணி வந்தது உன் ஊருக்குத்தான். அவர்களில் ஒருவராவது எட்டு வயதில் பாப்ஸ்லெட் ஏறியவரா? ராணுவத்திலிருந்தும் ஓட்டக் களத்திலிருந்தும் வந்தவர்கள். அமெரிக்காவின் எட்டி ஈகன் 1920இல் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கியவர். 1932இல் பாப்ஸ்லெட்டில் தங்கம். லாரின் வில்லியம்ஸ் 2012இல் தொடர் ஓட்டத்தில் தங்கம். 2014இல் பாப்ஸ்லெட்டில் வெள்ளி. வண்டி தள்ளப் பழகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நன்றாக ஓடி வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டின் கதவு இருபது வயதுக்கு மேலும் திறந்தே இருக்கிறது. அப்புறம் உனக்கு என்ன அவசரம்?

"ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகள் லூஜ் பழகவில்லையா?" என்பாய். பழகுகிறார்கள். உச்சியிலிருந்து அல்ல, தடத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, வருடக்கணக்கில் படிப்படியாக மேலே ஏற்றுகிறார்கள். நீ கேட்டது படி அல்ல, குறுக்கு வழி.

எட்டு வயதில் தலை பெரிசு, கழுத்து மெலிசு. அதன்மேல் ஹெல்மெட் வேறு. வளர்ந்த வீரர்களே பல முறை இறங்கியபின் தலைவலி, மந்தம் என்று அவதிப்படுகிறார்கள். அமெரிக்க வீரர் பாவ்லே ஜோவனோவிச் 2020இல் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அதிர்ச்சி வாங்குவோருக்கு வரும் சி.டி.இ. என்ற நோய் அதில் இருந்தது. உன் ஊர்த் தடத்திலேயே 2016இல், ராத்திரி யாருக்கும் தெரியாமல் நுழைந்து சறுக்கிய பையன்களில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அந்தத் தடத்தை மதிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் பாடம்.

அதற்காகப் பையன் ஆசையைக் கிள்ளிப் போடச் சொல்லவில்லை. ஓட விடு, தாண்ட விடு, பந்து விளையாட விடு. சின்னப் பனிமேட்டில் ஹெல்மெட் போட்டு, நீயும் கூட உட்கார்ந்து சறுக்கு. எப்படி நிறுத்துவது என்பதை முதலில் சொல்லிக்கொடு. கொஞ்சம் வளர்ந்ததும் தரையில் சக்கர வண்டியைத் தள்ளிப் பழகட்டும். பதின்வயது வீரர்களுக்கு ஒற்றையாள் வண்டிப் போட்டி 2016 இளையோர் ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. நல்ல பயிற்சியாளரோடு அப்போது போகட்டும்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மண்டலப் போட்டி அன்று முழங்கால் வலிக்கிறது என்றாள். "இன்னும் ஒரே ஒரு ரேஸ்தாம்மா" என்றேன். ஓடினாள், ஷீல்டு வந்தது. அதன்பிறகு அவள் மைதானத்துக்கு வரவே இல்லை. வலித்தது அவளுக்கு, ஷீல்டு எனக்கு.

அன்று நீயும் அங்கே நின்று கைதட்டினாய் தம்பி. அவள் பெயர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.