குழாயின் அண்டை வீட்டார்

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.

அம்மோனியா நீரில் எளிதில் கரையும். ஆகவேதான் ஈரமான கண்ணையும் தொண்டையையும் முதலில் தாக்குகிறது. ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள். கண்களை 15 நிமிடங்களேனும் தூய நீரால் கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைத் தலைமாட்டிலேயே வைத்திருங்கள்.

இவற்றை மருத்துவர் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? போபால் பேரழிவுக்குப் பின் வந்த, அபாயகரமான இரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள், சுற்றிலும் வாழ்வோருக்கு ஆபத்தையும் தற்காப்பையும் தெரிவிக்கும் கடமையை ஆலையினர்மீதே சுமத்துகின்றன. அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் 15ஆம் விதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.